வியாழக்கிழமைக்குள் முடியவேண்டிய போத்தல்

மூன்று நாளில் இறந்துவிடுவேன் என்று நம்பி, என்னுடைய இடியப்ப உரலைப் பவளக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன். இந்த வருத்தம் வந்த பிறகு நான் செய்த பெரிய பிழை அதுதான். மற்றப் பிழைகளை என் கணவரும் மகளும் பார்த்துக்கொண்டார்கள்.

இதை எங்கள் வீட்டுக் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். யன்னலுக்கு வெளியே பனி முழ உயரத்துக்குக் கிடக்கிறது. லா ஷோ-து-ஃபோன் மலைக்கு மேலே இருக்கிற, பிரெஞ்சு பேசுகிற ஊர். இங்கே ஏப்ரலிலும் பனி கொட்டும், யாரும் புதினமாகப் பார்ப்பதில்லை. எனக்கு வந்திருப்பது கணையத்தில் புற்றுநோய். அது மாறாது. ஆனால் இன்றைக்கு உடம்பில் நோ இல்லை, சாப்பாடு கொஞ்சம் இறங்குகிறது, மகள் வாங்கித்தந்த தடித்த கொப்பி ஒன்றும் இருக்கிறது. எங்களைப்போல் முழித்துக்கொண்டு நிற்கிற வேறு குடும்பங்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். புத்திமதி சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

கண் மஞ்சளாகி இருப்பதை முதலில் கண்டவர் என் கணவர் தவராசா. இனி ‘இவர்’ என்றே எழுதுகிறேன், பெயரை எழுதக் கை வரவில்லை. இவர் முப்பது வருடமாக இந்த ஊர் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மணிக்கூட்டு முகத்தில் முள் பொருத்துகிற வேலை. மயிர் மாதிரி இருக்கிற முள்ளை இடுக்கியால் எடுத்து, வளையாமல் வைத்து அமுக்கவேண்டும். அந்தக் கை ஒருநாளும் நடுங்கியதில்லை. நான் புதுச் சேலை கட்டினால் கண்ணில் படாது, தலைமயிர் வெட்டினால் தெரியாது. ஆனால் கோடை முடிகிற நேரம் ஒருநாள் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“மலர், உம்மட கண் மஞ்சளாக் கிடக்கு.”

“கண்ணைப் பாக்க இப்பதான் நேரம் கிடைச்சுதோ?” என்றேன்.

செங்கண்மாரி என்று நினைத்துக்கொண்டு குடும்ப மருத்துவரிடம் போனோம். அவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கேன் எடுத்தார்கள். கணையம் என்பது வயிற்றுக்குப் பின்னால் படுத்துக் கிடக்கிற ஓர் உறுப்பு, வெண்டிக்காய் அளவு என்று மருத்துவர் படம் கீறிக் காட்டினார். அதில் வளர்ந்த கட்டி, ஈரலில் இருந்து பித்தம் இறங்குகிற குழாயை நெரித்துக்கொண்டிருந்தது. பித்தம் இறங்க வழியில்லாமல் இரத்தத்தில் கலந்ததால்தான் மஞ்சள். என்னை மயக்கிவிட்டு, வாய் வழியே கமரா பூட்டிய குழாயை இறக்கி, நெரிபட்ட இடத்தில் பேனைக்குள் இருக்கும் மைக்குச்சி அளவில் ஒரு சின்னக் குழாயை வைத்தார்கள். கட்டியில் இருந்து சிறு துண்டு எடுத்துச் சோதனைக்கும் அனுப்பினார்கள். ஒரு கிழமையில் மஞ்சள் போய்விட்டது. வருத்தமும் போய்விட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

காத்திருக்கும் அறைகளைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எல்லாவற்றிலும் ஒரு சுவர் மணிக்கூடு இருக்கும், எல்லாவற்றையும் இவர் தன் கைமணிக்கூட்டோடு ஒத்துப் பார்ப்பார். ஸ்கேன் பகுதி மணிக்கூடு இரண்டு நிமிடம் பிந்தி ஓடியது. இவர் எழுந்து போய், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் அதை முறைப்படி அறிவித்தார். அந்தப் பெண் நன்றி சொன்னாள். எனக்கு வெட்கமாக இருந்தாலும், அந்த இரண்டு நிமிடமும் எனக்கு வருத்தம் என்பதையே மறந்திருந்தேன்.

சோதனை முடிவைச் சொல்ல அழைத்த நாள் மகள் யாழினியும் வந்தாள். அவள் இங்கே பிறந்து வளர்ந்தவள், இருபத்தேழு வயது, நகரசபை அலுவலகத்தில் வேலை. எங்கள் வீட்டுக் கடிதங்கள், தொலைபேசிகள், விண்ணப்பங்கள் எல்லாம் அவள் பத்து வயதில் இருந்து மொழிபெயர்த்தவைதான். மருத்துவர் நீளமாகப் பேசினார். ஈரல் என்ற சொல் வந்தது, வெட்டி எடுப்பது என்ற சொல் வந்தது, இல்லை என்ற சொல் இரண்டு தரம் வந்தது. யாழினியின் உதடும் நாடியும் நடுங்கின.

“அம்மா, சின்னப் புண்ணாம். கனகாலம் மருந்து எடுக்கவேணுமாம்,” என்றாள்.

எனக்குப் பிரெஞ்சு தெரியாது என்று வீட்டில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இலக்கணம் தெரியாதுதான். ஆனால் இருபத்திரண்டு வருடம் முதியோர் இல்லத்துச் சலவை அறையில் வேலை செய்தவளுக்குக் காது இருக்கும் அல்லவா? பாதி விளங்கியது. பிள்ளையின் நாடியைப் பார்த்ததும் மீதியைக் கேட்க மனம் வரவில்லை. அன்று பின்னேரமே இவர் ஊர்ச் சனத்துக்கெல்லாம் எனக்கு அல்சர் என்று அறிவித்துவிட்டார்.

பிறகு கீமோ தொடங்கினார்கள். கட்டியைச் சுருக்குகிற மருந்தை நரம்பில் ஏற்றுவது. அல்சருக்கு ஏன் தலைமயிர் கொட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கட்டி சுருங்கவில்லை, நான்தான் சுருங்கினேன். முதுகுக்குப் பின்னால் ஒரு நோ தொடங்கி, கதிரையில் பத்து நிமிடம் இருக்க முடியாமல் போனது. மருத்துவர் கீமோவை நிறுத்தினார். அப்போதுதான் அந்தச் சொல்லைச் சொன்னார்: பலியாத்திஃப்.

யாழினி என் பக்கம் திரும்பினாள். “உடம்பைத் தேத்திற இடம் ஒண்டு இருக்காம் அம்மா. ரெண்டு கிழமை நிண்டு, நோவெல்லாம் குறைஞ்ச பிறகு வீட்ட வரலாமாம்.”

பாவம், அவள் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் அந்த உண்மையைச் சொன்னாள்.

பலியாத்திஃப் எனக்குப் பழக்கமான சொல். எங்கள் முதியோர் இல்லத்தில் ஏதாவது ஓர் அறையின் துணிக்கூடையில் மஞ்சள் துண்டு குத்தி வரும், அதில் இந்தச் சொல் எழுதியிருக்கும். அந்த அறைக்கு நாங்கள் ஆகப் பழைய, ஆக மெத்தென்ற விரிப்புகளைத் தெரிந்து அனுப்புவோம். இரண்டாம் நாள் விரிப்புகள் வரும். மூன்றாம் நாள் விரிப்போடு தலையணை, போர்வை, யன்னல் சீலை எல்லாம் சேர்ந்து வரும். பிறகு அந்த அறைக்குப் புதுப் பெயர் ஒட்டுவார்கள். இருபத்திரண்டு வருடத்தில் மூன்று நாளைத் தாண்டியவர்கள் என் நினைவில் இல்லை. ஆகவே எனக்கும் மூன்று நாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அந்த இடம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கவில்லை. மரத் தளம், பெரிய யன்னல், வெளியே பனி மூடிய ஊசியிலை மரங்கள். என் அறையில் இவருக்கென்று ஒரு சாய்மனைக்கதிரையும் போட்டிருந்தார்கள். விரிப்பைத் தடவிப் பார்த்தேன். நல்ல பருத்தி, ஆனால் மூலை மடித்தவிதம் சரியில்லை. செத்துப்போகிற இடத்திலும் ஒழுங்காக மடிக்கமாட்டார்களா என்று கோபம் வந்தது.

முதல் நாள் இவருக்குச் சலவை அறை முறையைப் படிப்பித்தேன். எங்கள் மாடிக் கட்டடத்தில் சலவை அறைத் திறப்பு, அதாவது சாவி, இரண்டு கிழமைக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். தவறவிட்டால் அடுத்த முறைவரை அழுக்குத் துணியோடு இருக்கவேண்டும்.

“செவ்வாய்க்கிழமை காலமை ஏழு மணிக்குக் கீழ் வீட்டு மதாமிட்டத் திறப்பு வாங்கவேணும். வெள்ளையும் கலரும் சேத்துப் போடக்கூடாது. விளங்குதோ?”

“இப்ப ஏனப்பா இந்தக் கதை? நீர் வந்து செய்யுமன்.”

“சும்மா தெரிஞ்சு வையுங்கோ.”

இரண்டாம் நாள் பவளக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பவளக்கா அடுத்த தெருவில் இருக்கிறா, என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இவருடைய குடும்பத்துக்குப் பழக்கம். ஆறு வருடத்துக்கு முன், மகளின் பிறந்தநாளுக்கென்று என் பித்தளை இடியப்ப உரலை வாங்கிக்கொண்டு போனவ. அந்த மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். உரல் வரவில்லை. சண்டை பிடிக்காமல், ஆனால் ஒவ்வொரு கோவில் திருவிழாவிலும் சாடையாக ஞாபகப்படுத்திக்கொண்டே வந்திருந்தேன்.

“அக்கா, அந்த உரலை நீங்களே வைச்சிருங்கோ. நான் மனசாரத் தாறன்,” என்றேன்.

“என்ன மலர், உடம்பு கடுமையோ?” என்று கேட்டா. பவளக்கா கெட்டிக்காரி.

மூன்றாம் நாள் காலை குளித்து, நல்ல சட்டை போட்டு, யாழினியைக் கொண்டு மிஞ்சியிருந்த தலைமயிரை இழுத்துக் கட்டுவித்துவிட்டு நேராகப் படுத்தேன். பயமாக இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்? கண்ணை மூடினால் திறக்கமாட்டேன் என்று யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் மகளும் கோப்பி குடிக்கப் போயிருந்தார்கள். அப்போது தாதி உள்ளே வந்தார். பெயர் கொலெத், ஐம்பது வயது இருக்கும், குள்ளமான உருவம், கதைக்கும்போது கட்டாயம் கதிரையில் இருந்துகொண்டுதான் கதைப்பார். கையில் ஒரு கடதாசி.

“மதாம் தவராசா, அடுத்த கிழமைச் சாப்பாட்டுக்குத் தெரிவு செய்யவேண்டும். திங்கட்கிழமை மீனா, முட்டையா?”

நான் எழும்பி உட்கார்ந்தேன். என் சலவை அறைப் பிரெஞ்சில் கேட்டேன்: “அடுத்த கிழமை நான் இருப்பேனா?”

கொலெத் கடதாசியைக் கீழே வைத்தார். கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மஞ்சள் துண்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

“உங்கள் இல்லத்தில் எங்களைப் பிந்தி அழைத்திருக்கிறார்கள்,” என்றார். “நிறையப்பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கடைசி மூன்று நாள் எங்கள் வேலையில் ஒரு பகுதி மட்டும்.”

பிறகு மெதுவாக விளங்கப்படுத்தினார். நோயை மாற்ற முடியாதபோது, ஆளைப் பார்ப்பதுதான் இந்த வைத்தியம். நோ, ஓங்காளம், மலச்சிக்கல், நித்திரையின்மை, பயம், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அடக்குவது. ஆளோடு சேர்த்து வீட்டுக்காரரையும் பார்ப்பது. மருந்தின் அளவு சரிவந்ததும் வீட்டுக்குப் போகலாம். கிழமைக்கு ஒருமுறை தாதி வீட்டுக்கு வருவார், தொலைபேசி எடுத்தால் எந்த நாளும் வருவார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். வருடங்கள் இல்லை என்றார். மாதங்கள் இருக்கலாம், எத்தனை என்று தனக்குத் தெரியாது என்றார். மூன்று நாளில் சாக இருந்தவளுக்கு மாதங்கள் என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அழுகையும் வந்தது, பசியும் வந்தது. திங்கட்கிழமைக்கு மீன் என்று சொன்னேன்.

“வீட்டுக்குப் போய் என்ன செய்ய விருப்பம்?” என்று கேட்டார்.

“என் மேசையில், என் கதிரையில் இருந்து இடியப்பம் சாப்பிடவேண்டும்.” அதைச் சொன்ன அந்த நிமிடம்தான் உரல் ஞாபகம் வந்தது.

“ஒரு நிபந்தனை,” என்றார் கொலெத். “வீட்டில் நோ அடங்கி இருக்கவேண்டும். அடங்காவிட்டால் இங்கே திரும்பி வரவேண்டிவரும்.”

எனக்குத் தெரியும் என்பதை இவருக்கும் யாழினிக்கும் நான் சொல்லவில்லை. அல்சர் என்பது அவர்கள் படாதபாடு பட்டுச் சோடித்து வைத்திருந்த கதை. ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்கப் பதினொரு பேர் வந்தார்கள். ஆப்பிள்சாறு, திராட்சை, மால்ட் மாவு என்று கட்டில் நிறைந்தது. கொலெத் முகம் சுளிக்காமல், குடும்பங்களுக்கென்று இருக்கிற பெரிய அறையைத் திறந்துவிட்டார். அங்கே அடுப்பும் இருந்தது, பவளக்கா உடனே பிளேன்டீ வைத்தா. எல்லாரும் என் அல்சரைப் பற்றிக் கவலையோடு கதைத்தார்கள். உறைப்புச் சாப்பிடாதே என்றார்கள். நான் ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

இரவுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, நன்றாக நித்திரை கொண்டேன். அதற்குக் காரணம் மோர்ஃபின். தண்ணீர் மாதிரி இருக்கிற, கைக்கிற மருந்து. ஒரு சின்னக் கிளாசில் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்துத் துளி. முதல் இரண்டு நாள் தூக்கம் தூக்கமாக வந்தது, பிறகு தெளிந்தது. மலம் இறுகும் என்பதால் அதற்கும் ஒரு தூள் தந்தார்கள்; அதை மறக்கவேகூடாது, அனுபவத்தில் சொல்கிறேன். பத்து நாளில் நான் ஊன்றுகோல் இல்லாமல் தாழ்வாரத்தில் நடந்தேன். விரிப்பின் மூலை எப்படி மடிப்பது என்று அங்கே வேலை செய்த இரண்டு பெண்களுக்குக் காட்டியும் கொடுத்தேன்.

வீட்டுக்கு அனுப்ப முன் கொலெத் இவரைக் கூப்பிட்டுத் துளி எண்ணப் பழக்கினார். பழக்க என்ன இருக்கிறது? இவர் போத்தலைச் சரித்துப் பிடித்த பிடியைப் பார்த்து கொலெத்தே வாயைப் பிளந்தார். பத்துத் துளியும் ஒரே அளவு, ஒரே இடைவெளி.

“இந்தப் போத்தல் வியாழக்கிழமை காலை முடியும்,” என்றார் கொலெத். “நான் வியாழக்கிழமை புதுப் போத்தலோடு வருவேன்.”

வீட்டுக்கு வந்தேன். முதல் நாள் சும்மா பறந்து திரிந்தேன். இவர் பருப்பும் சோறும் குழையக் காய்ச்சித் தந்தார், உப்பு இல்லை, ஆனாலும் சாப்பிட்டேன். இரண்டாம் நாள் முதுகுக்குள் பழைய நோ எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் கதிரையில் இருக்க முடியவில்லை. புதன்கிழமை சோபாவில் முழங்காலை மடக்கிக்கொண்டு கிடந்தேன். வருத்தம் கூடிவிட்டது, மாதங்கள் என்றது வெறும் ஆறுதல் வார்த்தை என்று நினைத்தேன். இவர் நேரம் தவறாமல் குசினி மேடையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று துளி விட்டுக் கொண்டுவந்து தந்தார். கொலெத் தொலைபேசி எடுத்தபோது எல்லாம் சரி என்று சொன்னவரும் இவர்தான்.

வியாழக்கிழமை கொலெத் வந்தார். சப்பாத்தில் இருந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர், என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். யாழினி அன்று விடுமுறை எடுத்து நின்றாள்.

“பத்துக்கு எத்தனை நோ?” என்று கேட்டார். பூச்சியம் என்றால் நோ இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. அங்கே அப்படித்தான் கேட்பார்கள்.

“ஏழு.”

கொலெத் இவரிடம் மருந்து நேரத்தைக் கேட்டார். “நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, மதாம். ஒரு நிமிஷம் பிந்தினதில்லை,” என்று இவர் பிரெஞ்சில் சொன்னார். அது உண்மைதான். கொலெத் அலுமாரியில் இருந்த போத்தலை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருந்தது.

“இது இன்றைக்குக் காலியாகி இருக்கவேண்டும்,” என்றார், குரலை உயர்த்தாமல். “ஏழு என்றால் மதாமை வீட்டில் வைத்திருக்க முடியாது. அங்கே ஒரு கட்டில் இருக்கிறது. இன்றைக்கே கூட்டிப்போகவேண்டும்.”

யாழினி இதை எனக்குச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. என் மேசையையும் கதிரையையும் பார்த்தேன். இவர் சுவரோடு நின்றார். பிரெஞ்சு முழுவதும் இவரை விட்டுப் போய்விட்டது.

“யாழி, நான் ஆறு துளிதான் குடுத்தனான் எண்டு அவவுக்குச் சொல்லு.”

“அப்பா! என்னப்பா நீங்கள்?”

“அது அபின் சாமான் பிள்ளை. இப்பவே பத்தைக் குடுத்தா உடம்பு பழகிப்போம். பேந்து கடைசியில நோ கூடேக்க அது வேலை செய்யாட்டி நான் என்ன செய்யிறது? அதுக்குத்தான் மிச்சம் பிடிச்சனான்.”

சோபாவில் இருந்து எனக்குச் சிரிப்பு வந்தது. நோவோடு சிரிப்பது பெரிய அவஸ்தை. “கடைசி எண்டா என்னப்பா? எனக்கு அல்சர் எல்லோ?” என்றேன்.

யாழினி சட்டென்று தகப்பனைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியும்,” என்றேன். “அங்க மூண்டாம் நாளே நான் கேட்டுத் தெரிஞ்சுகொண்டன்.”

“தெரிஞ்சுகொண்டோ பேசாமல் இருந்தனீர்?” இவருக்குக் கோபம் வந்துவிட்டது. பதினொரு பேருக்கு முன்னால் இவர் அல்சருக்குச் சாப்பாட்டு முறை விளக்கியவர்.

“நீங்கள் ரெண்டுபேரும் கஷ்டப்பட்டுச் சொன்ன பொய்யப்பா. பழுதாக்க மனம் வரேல்லை.”

யாழினி என் காலடியில் இருந்து அழுதாள். இவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்: “யாழி, அவவிட்ட ஒண்டு கேள். நான் சொல்லுறதை ஒண்டும் மாத்தாமல் கேள். அவ சொல்லுறதையும் ஒண்டும் மாத்தாமல் சொல்லு. பத்துத் துளி குடுத்தா அம்மா கெதியாப் போயிடுவாவோ?”

அதுதான் உள்ளே கிடந்த பயம். கையில் போத்தலை எடுக்கும்போதெல்லாம், தன் கையாலேயே என்னை அனுப்பிவைக்கப்போகிறேன் என்று நினைத்திருக்கிறார். யாழினி ஒரு சொல்லும் மாற்றாமல் கேட்டாள்.

கொலெத் கதிரையை இழுத்து இவருக்கு முன்னால் போட்டு இருந்தார். “இல்லை, முசியே. நோவைப் பார்த்து அளந்து கொடுக்கிற மருந்து ஆளைக் கொல்லாது. நோயால்தான் அவர் போவார், உங்கள் கையால் இல்லை. நோவைத் தாங்கிக்கொண்டு கிடந்தால் சாப்பிட முடியாது, நித்திரை இல்லை, ஆள்தான் தேய்ந்துபோவார். உடம்பு பழகினால் அளவைக் கூட்டலாம். கூட்ட இன்னும் நிறைய இடம் இருக்கிறது. அதுவும் போதாவிட்டால் வேறு மருந்துகள் இருக்கின்றன. கடைசிக்கு என்று நீங்கள் மிச்சம் பிடிக்கத் தேவையில்லை. கடைசிக்கு வேண்டியதை நாங்கள் கொண்டுவருவோம்.”

யாழினி ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். ‘நோயால்தான் அவர் போவார்’ என்ற இடத்தையும் மாற்றாமல் சொன்னாள். பத்து வயதில் இருந்து அவள் செய்த மொழிபெயர்ப்புகளில் ஆகத் திறமானது அதுதான் என்று நான் அவளிடம் பிறகு சொன்னேன்.

கொலெத் ஒரு நாள் தவணை தந்தார். மறுநாள் காலை நோ இறங்கியிருந்தால் நான் வீட்டிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் கட்டில் காத்திருக்கும். பழைய போத்தலை எடுத்துக்கொண்டு புதியதை வைத்தார். அவர் பார்த்துக்கொண்டு நிற்க இவர் பத்துத் துளி விட்டார். அப்போது இவருடைய கை நடுங்கியதை முதல்முறையாகக் கண்டேன்.

மருந்தைக் குடித்துவிட்டு மத்தியானம் முழுக்க அசந்து தூங்கினேன். கண் முழித்தபோது இவர் பக்கத்தில் கதிரையில் இருந்தார், கையில் மணிக்கூடு.

“என்னப்பா செய்யிறியள்?”

“உம்மட மூச்சை எண்ணிக்கொண்டு இருக்கிறன். நிமிஷத்துக்குப் பதினாலு. நல்லாத்தான் ஓடுது.”

மறுநாள் காலை நோ இரண்டுக்கு இறங்கியது. கொலெத்துக்கு நானே தொலைபேசி எடுத்துச் சொன்னேன்.

பொய் போன பிறகு வீடு அகன்றது மாதிரி இருந்தது. சனிக்கிழமை யாழினி ஒரு படிவம் கொண்டுவந்தாள். நான் கதைக்க முடியாமல் போனால் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே எழுதிவைக்கிற தாள். நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கவேண்டாம், குழாயால் சாப்பாடு வேண்டாம், நோ மட்டும் இருக்கக்கூடாது என்று சொன்னேன், அவள் எழுதினாள். நடுவில் இவர், “சலவை அறைத் திறப்பு விஷயத்தையும் அதில எழுது,” என்றார். மூன்று பேரும் வயிறு நோகச் சிரித்தோம். செவ்வாய்க்கிழமை இவர் தனியாகக் கீழே போய் உடுப்புத் தோய்த்தார். என் வெள்ளைச் சட்டைகள் இப்போது இளநீலமாக இருக்கின்றன.

அன்றைக்கு வரும்போது நேரே வீட்டுக்கு வராமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு எங்கோ போனார். பவளக்கா வீட்டுக்குத்தான். வாசலில் நின்றபடியே, உள்ளே வரச் சொல்லியும் போகாமல், “மலருக்குப் புற்றுநோய் அக்கா. மாறாது. அவவுக்கு இடியப்பம் சாப்பிட ஆசையாக் கிடக்கு, உரல் வேணும்,” என்று ஒரே மூச்சில் சொன்னாராம். எங்கள் சனத்தில் அந்த வருத்தத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு. ‘அந்த வருத்தம்’ என்றுதான் சொல்வார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். இவர் சொல்லிவிட்டார்.

பவளக்கா வியாழக்கிழமை காலையிலேயே வந்தா. உரலைப் புளி போட்டு மினுக்கிக் கொண்டுவந்திருந்தா, ஆறு வருடத்துக்கு முன் நான் கொடுத்தபோதுகூட அப்படி மினுங்கவில்லை. வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு மாவைக் குழைத்தா. பிழிந்தது இவர். முள் பொருத்திய கைக்கு உரல் பிழியப் பெலன் போதவில்லை, மேசை ஆடியது, யாழினி மேசையைப் பிடித்துக்கொண்டாள். முதல் தட்டு தடிப்பும் மெல்லிசுமாக வந்தது. சொதியும் சம்பலும் இருந்தன. நான் என் கதிரையில், நிமிர்ந்து இருந்து, இரண்டு இடியப்பம் சாப்பிட்டேன். மூன்றாவதில் பாதி.

பவளக்கா கை கழுவிவிட்டுச் சால்வையை எடுத்தா. வாசல்வரை போனவ, திரும்பி உரலைப் பார்த்தா.

“அப்ப... உரலை இஞ்சயே விட்டிட்டுப் போகட்டோ மலர்? நீ அண்டைக்குத் தந்திட்டன் எண்டு சொன்னாய்.”

“நான் செத்தாப்பிறகு வந்து எடுங்கோ அக்கா. இப்ப எனக்கு வேணும்.”

சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தது இவர்தான், கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். பிறகு பவளக்காவும் சிரித்தா, கதவைப் பிடித்துக்கொண்டு.

கொலெத் புதுப் போத்தலோடு வருகிற நாள் அது. இவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்து எழும்பினார். இப்போதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு துளி விடுவதில்லை. என் முன்னால் மேசையில் சின்னக் கிளாசை வைத்து, போத்தலைச் சரித்து, வாய்விட்டு எண்ணுவார். ஒன்று, இரண்டு என்று தொடங்கி ஒன்பது வரை வந்தது. பத்தாவது துளி வரச் சுணங்கியது. போத்தலின் அடியில் விரலால் மெல்லத் தட்டினார். விழுந்தது.

பிறகு போத்தலை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கொலெத் பார்த்ததைப் போலவே பார்த்தார்.

“மிச்சமில்லை மலர்,” என்றார். “ஒரு துளியும் மிச்சமில்லை.”